தேயிலை மலையும் ஒரு துணை நடிகரும்

ஹட்டன், தலவாக்கலை, நாவலப்பிட்டி போன்ற மலையக நகரங்களின் பழைய சலூன்களிலும் தேநீர்க் கடைகளிலும் எம்.ஜி.ஆரின் படம் தொங்கிய காலம் ஒன்று இருந்தது. தோட்டத்து லயக் காம்பராக்களிலும் முருகனுக்கும் மாரியம்மனுக்கும் பக்கத்தில் அவருக்கு ஓர் இடம் இருந்தது. "அவர் நம்ம நாவலப்பிட்டியில பிறந்தவரு" என்று சொல்லிப் பெருமைப்படாத முதியவர்கள் மலையகத்திலே குறைவு. அந்தப் பெருமை வீண் பெருமையுமன்று. மருதூர் கோபாலமேனன் இராமச்சந்திரன் 1917 ஜனவரி 17ஆம் திகதி பிறந்தது நாவலப்பிட்டியில்தான்.

ஆனால் அந்தச் சுவர்ப் படங்களில் இருந்தவர் கதாநாயகன் எம்.ஜி.ஆர். கையிலே வாள், முகத்திலே சிரிப்பு, பக்கத்திலே ஒரு கதாநாயகி. அதற்கு முன்னர் அவர் பதினொரு ஆண்டுகள் துணைவேடக்காரராக இருந்தார் என்பதும், அவர் முதன்முதலாக முகங்காட்டிய படத்தின் கதை இலங்கைத் தேயிலைத் தோட்டம் வரை வந்து திரும்புகின்றது என்பதும் அதிகம் பேசப்படுவதில்லை. இவ்விரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அவ்வாறு பார்க்கும்போது ஒரு நடிகரின் வரலாறு மட்டுமன்றி, திரைப்படம் மலையக மக்களை எங்கே நிறுத்தி வைத்தது என்பதும் தெளிவாகின்றது.

ஓரத்தில் நிற்பவர்கள்

நாடகமாயினும் திரைப்படமாயினும் கதாநாயகனைச் சுற்றிச் சிலர் நிற்கவேண்டியிருக்கின்றது. அமைச்சர், தளபதி, பொலிஸ் அதிகாரி, வேலைக்காரன், குடிகார நண்பன் என்று அவர்களின் பட்டியல் நீளும். கதை அவர்களுடையதன்று. ஆயினும் அவர்கள் இல்லாமல் கதை நகராது. இத்தகைய வேடங்களைச் சிறப்பாகச் செய்பவர்களைக் குணசித்திர நடிகர்கள் என்கிறோம்.

அமெரிக்கக் கௌபோய் படங்களிலே இவர்களின் இடம் மிகப் பெரியது. குதிரையிலே வரும் வீரனை விட, அவனுக்குக் காவல் இருக்கும் பல் போன கிழவனையே சில படங்களில் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். வால்டர் ப்ரென்னன் அத்தகைய நடிகர். 'ரெட் ரிவர்' (1948), 'ரியோ ப்ராவோ' (1959) ஆகிய படங்களில் ஜோன் வெய்னுக்குப் பக்கத்தில் நின்றவர் அவர். துணை நடிகருக்கென ஒஸ்கார் விருது தொடங்கப்பட்டது 1936ஆம் ஆண்டுப் படங்களுக்காகவே. அந்த முதல் விருதைப் பெற்றவர் ப்ரென்னன். பின்னர் 1938, 1940ஆம் ஆண்டுப் படங்களுக்காகவும் பெற்றார். 1940ஆம் ஆண்டுப் படம் 'தி வெஸ்டர்னர்' என்ற கௌபோய் படமே.

ஹொலிவூட் இவ்வாறு ஓரத்தில் நிற்பவரையும் மதிக்கத் தொடங்கிய அதே 1936இல்தான் சென்னையிலே ஓர் இளைஞர் பொலிஸ் உடையணிந்து கமராவின் முன் நின்றார். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது.

சதிலீலாவதி

'சதிலீலாவதி' 1936 மார்ச் 28ஆம் திகதி வெளியாயிற்று. எஸ்.எஸ். வாசன் ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதையே அதன் மூலம். இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தவரான டங்கன் 1935இல் இந்தியா வந்தவர், தமிழ் தெரியாதவர். எம்.கே. ராதா கதாநாயகன், எம்.எஸ். ஞானாம்பாள் கதாநாயகி, டி.எஸ். பாலையா வில்லன். என்.எஸ். கிருஷ்ணனும் நடித்தார். எம்.ஜி.ஆருக்குக் கிடைத்தது இன்ஸ்பெக்டர் ரங்கய்ய நாயுடு என்ற சிறு வேடம்.

கதை இதுதான். சென்னையின் செல்வந்தன் கிருஷ்ணமூர்த்தி. நண்பன் இராமநாதன் அவனைக் குடிக்குப் பழக்குகிறான். குடி, தாசி, கடன் என்று அவன் படிப்படியாகச் சரிகிறான். மனைவி லீலாவதி மீது சந்தேகங்கொள்கிறான். தன் நண்பனைச் சுட்டுக் கொன்றுவிட்டதாக எண்ணி இலங்கைக்கு ஓடிப்போகிறான். அங்கே தேயிலைத் தோட்டத்திலே கூலியாகிறான். லீலாவதி சென்னையில் இராட்டை சுற்றிப் பிழைக்கிறாள். தோட்டத்திலே அவனுக்குப் புதையல் ஒன்று கிடைக்கின்றது. அதை அவன் முதலாளியிடம் நேர்மையாக ஒப்படைக்க, அவனது வாழ்வு உயர்கின்றது. பின்னர் அவன் சென்னை திரும்புகிறான், கைதாகிறான், உண்மை வெளிப்பட்டு விடுதலையாகிறான்.

இக்கதையைக் குறித்து அக்காலத்தில் ஒரு வழக்கும் நடந்தது. தெ.பொ. கிருஷ்ணசாமிப் பாவலரின் 'பதிபக்தி' நாடகத்தை ஒத்திருக்கின்றது என்பது குற்றச்சாட்டு. ஹென்றி வூட் அம்மையார் 1860இல் எழுதிய 'டேன்ஸ்பரி ஹவுஸ்' என்ற ஆங்கில நாவலே இரண்டுக்கும் மூலம் என்று வாசன் கூறினார். அந்த நாவல் மதுவிலக்கை வலியுறுத்த எழுதப்பட்டது. அதாவது இங்கிலாந்திலே குடியின் கேட்டைச் சொல்லப் பிறந்த கதை, காந்தியக் காலத்துத் தமிழகத்தில் இராட்டையும் மதுவிலக்குமாக உருமாறியது. அந்த உருமாற்றத்திலே இலங்கைத் தேயிலைத் தோட்டமும் வந்து சேர்ந்தது.

ஏன் தேயிலைத் தோட்டம்? அன்றைய தமிழ்நாட்டுச் சாதாரண மக்களுக்குக் 'கண்டிச் சீமை' தெரியாத இடமன்று. கடன்பட்டவன், பஞ்சத்திலே பரிதவித்தவன், ஊரோடு பகைத்துக்கொண்டவன், சாதிக்கொடுமை தாங்காதவன் எல்லாம் கங்காணியின் பின்னால் போன இடம் அது. மண்டபம் முகாமிலே சில நாட்கள் கிடந்து, 1914 முதல் ஓடிய தனுஷ்கோடி–தலைமன்னார்க் கப்பலிலே கடல் கடந்து போகவேண்டும். ஆகவே ஒரு கதாநாயகன் தலைமறைவாகவும், தன் பாவத்தைக் கழுவவும், வியர்வை சிந்தவும் பொருத்தமான இடம் என்று கதாசிரியருக்குத் தோன்றியதில் வியப்பில்லை. கௌபோய் படங்களில் குற்றவாளி எல்லை தாண்டி ஓடுவது போல, தமிழ்ப் படத்தில் கதாநாயகன் கண்டிச் சீமைக்கு ஓடினான்.

தோட்டத் தொழிலாளர் படும் அல்லல்களும் அப்படத்திலே இடம்பெற்றன. அக்காலத்தில் அது சிறிய விடயமன்று. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' 1935இல் மணிக்கொடியில் வெளிவந்து, தமிழ்ப் படைப்பிலக்கியம் தேயிலைத் தோட்டத்தைப் பேசத் தொடங்கியிருந்த வேளை அது. இருப்பினும் இரண்டுக்கும் அடிப்படையிலேயே ஒரு வேறுபாடு உண்டு. 'துன்பக்கேணி'யில் தோட்டத்துக்குப் போனவளின் வாழ்வே கதை. 'சதிலீலாவதி'யிலோ தோட்டம் ஒரு தங்குமடம். கதாநாயகன் அங்கே சில காலம் துன்பப்படுவான், பின்னர் புதையலோடு வெளியேறுவான். அவனுக்குப் பக்கத்திலே கூடை சுமந்தவர்களுக்குப் புதையல் கிடைப்பதில்லை. படம் முடிந்த பின்னரும் அவர்கள் அங்கேயே நிற்கிறார்கள்.

அதே காலத்தில் மலையகத்தில்

படத்துக்கு வெளியே அந்த மலைகளில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் நோக்கவேண்டும்.

1927ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம் என்று குறைந்தபட்சச் சம்பளம் வகுக்கப்பட்டது. 1930களின் பொருளாதார மந்தத்திலே அதுவும் வெட்டப்பட்டது. 1931இல் கோ. நடேசய்யர் ஹட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். அவரும் மனைவி மீனாட்சியம்மையும் தோட்டம் தோட்டமாகச் சென்று பேசினர், பாட்டுகள் எழுதிப் பாடினர், துண்டுப்பிரசுரங்கள் அச்சிட்டனர். 1936ஆம் ஆண்டு அரசாங்க சபைத் தேர்தலில் ஹட்டன் தொகுதி நடேசய்யரைத் தெரிவு செய்தது. 'சதிலீலாவதி' சென்னையில் வெளியான அதே ஆண்டில் இங்கே தோட்டத் தொழிலாளர் வாக்களித்துத் தமக்கொரு குரலைச் சபைக்கு அனுப்பினர்.

அடுத்த ஆண்டு இன்னொரு சம்பவம். 1937 ஏப்ரலிலே நாவலப்பிட்டியில் சமசமாஜக் கட்சி கூட்டிய பெருங்கூட்டத்தில் இந்தியாவிலிருந்து வந்த கமலாதேவி சட்டோபாத்யாயா பேசினார். அதே மேடையில் ஒரு வெள்ளைக்காரரும் ஏறித் தொழிலாளர் பக்கம் நின்று பேசினார். அவரே மார்க் அன்டனி ப்ரேஸ்கேர்டல். தோட்டத்துரை வேலை பழக வந்து, தொழிலாளரின் நிலையைக் கண்டு மனம் மாறியவர். அவரை நாடு கடத்த ஆளுநர் பிறப்பித்த உத்தரவை நீதிமன்றம் செல்லாது என்றது. துரைக்கென எழுதப்பட்ட வேடத்தை ஒருவர் நடிக்க மறுத்த நிகழ்ச்சி அது. அதற்கு மேடையாக இருந்த நாவலப்பிட்டியில் பிறந்த இளைஞரோ, அந்நாட்களில் சென்னைப் படப்பிடிப்பு நிலையங்களின் வாசலில் அடுத்த வேடத்துக்காகக் காத்திருந்தார்.

1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்துப் போராட்டத்திலே கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானார். மலையகத் தொழிற்சங்க வரலாற்றின் தியாகிகளுள் முதலில் நினைவுகூரப்படும் பெயர் அது. கூலி, முதலாளி, பொலிஸ் என்ற மூன்றும் 'சதிலீலாவதி'யிலும் இருந்தன, முல்லோயாவிலும் இருந்தன. திரையிலே கூலி விடுதலையானான். முல்லோயாவிலே கூலி செத்தான்.

பதினொரு ஆண்டுகள்

எம்.ஜி.ஆரின் குடும்பம் லயத்துக் குடும்பமன்று என்பதையும் இங்கு சொல்லிவைப்பது நியாயம். பாலக்காட்டுப் பக்கத்து மலையாளக் குடும்பம் அது. தந்தை இறந்தபின் தாய் சத்தியபாமா பிள்ளைகளோடு இலங்கையை விட்டுப் போனார். கும்பகோணத்து வறுமையிலே, சக்கரபாணியும் இராமச்சந்திரனும் பள்ளிப்படிப்பை விட்டு மதுரை ஒரிஜினல் பாய்ஸ் நாடகக் கம்பெனியில் சேர்ந்தனர். பாட்டு, நடனம், வாள்வீச்சு, பிறர் வசனத்தையும் மனப்பாடம் செய்வது எல்லாம் அங்கே பழகியவை.

'சதிலீலாவதி'க்குப் பின்னர் வந்த வேடங்களைப் பாருங்கள். 'தட்சயக்ஞம்' (1938) படத்தில் விஷ்ணு. 'பிரகலாதா' (1939) படத்தில் இந்திரன். 'சீதாஜனனம்' (1941) படத்தில் இந்திரஜித். 'அசோக்குமார்' (1941) படத்தில் தளபதி மகேந்திரன். அப்படத்தின் நாயகன் எம்.கே. தியாகராஜ பாகவதர். 'சாலிவாகனன்' (1945) படத்தில் விக்கிரமாதித்தன், கதாநாயகன் ரஞ்சன். 'மீரா' (1945) படத்தில் ஜெயமல் என்ற அமைச்சர், எம்.எஸ். சுப்புலட்சுமியின் பாட்டைக் கேட்கப் போன கூட்டத்தில் அந்த அமைச்சரைக் கவனித்தவர்கள் எத்தனை பேரோ. 'ஸ்ரீமுருகன்' (1946) படத்தில் சிவன்.

அக்காலத்துக் கதாநாயகன் என்றால் பாடத் தெரிந்திருக்கவேண்டும். பாகவதரும் பி.யு. சின்னப்பாவும் கோலோச்சிய காலம். பாட்டுக் குரல் இல்லாத ஒருவர் எவ்வளவு அழகாயிருந்தும் அரியணைக்குப் பக்கத்திலேதான் நிற்கமுடியும். பின்னணிப் பாடல் முறை வேரூன்றிய பின்னரே அந்த நிலை மாறியது. 1947இல் ஜூபிட்டர் நிறுவனத்தின் 'ராஜகுமாரி'யில் ஏ.எஸ்.ஏ. சாமி அவரைக் கதாநாயகனாக்கினார். அதன் பின்னரும் உடனே நாற்காலி உறுதிப்படவில்லை. 'அபிமன்யு' (1948) படத்தில் அருச்சுனனாகவும், 'ராஜமுக்தி' (1948) படத்தில் பாகவதருக்கும், 'ரத்னகுமார்' (1949) படத்தில் சின்னப்பாவுக்கும் துணையாகவும் நடித்தார். 1950இல் 'மந்திரிகுமாரி' வந்தது. அதன் இயக்குனர்களுள் ஒருவர் அதே டங்கன். முதலில் ஒரு சிறு பொலிஸ் வேடத்தில் தம்மைப் படம்பிடித்த மனிதரின் படத்திலேயே அவர் நிலைபெற்ற கதாநாயகனாகத் தெரிந்தார். டங்கன் அவ்வாண்டே இந்தியாவை விட்டுச் சென்றார்.

இந்தப் பதினொரு ஆண்டுகள் வீணாகவில்லை. ஓரத்தில் நிற்பவனுக்குக் கமரா எங்கே நிற்கின்றது, வெளிச்சம் எவர் மீது விழுகின்றது என்பது நன்றாகத் தெரியும். பிற்காலத்திலே தம் படங்களின் ஒவ்வோர் அங்கத்திலும் அவர் காட்டிய அக்கறைக்கு இந்தப் பயிற்சியும் ஒரு காரணம் என்று நினைக்க இடமுண்டு.

அதே 'சதிலீலாவதி'யில் அறிமுகமான பாலையா வேறு வழியில் சென்றார். அவர் கடைசி வரை ஓரத்திலேயே நின்று, அந்த ஓரத்தையே நடுவாக்கியவர். 'காதலிக்க நேரமில்லை' (1964), 'திருவிளையாடல்' (1965), 'தில்லானா மோகனாம்பாள்' (1968) ஆகியவற்றைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. எம்.ஜி.ஆரின் தமையன் சக்கரபாணியும் குணசித்திர நடிகராகவே நின்றார். 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) படத்திலே தம்பி அலிபாபா, அண்ணன் காசிம்.

நமது வாசகர்களுக்குச் சுவையான இன்னுமொரு செய்தி. 1974இல் வந்த 'சிரித்து வாழ வேண்டும்' படத்தில் எம்.ஜி.ஆருக்கு இரட்டை வேடம். ஒன்று பொலிஸ் இன்ஸ்பெக்டர். மற்றது அப்துல் ரகுமான். இயக்கியவர் எஸ்.எஸ். பாலன், அதாவது வாசனின் மகன். தந்தை எழுதிய கதையில் இன்ஸ்பெக்டராக ஓரத்தில் நின்றவர், முப்பத்தெட்டு ஆண்டுகளின் பின் மகனின் இயக்கத்தில் அதே பொலிஸ் உடையோடு நடுவில் நின்றார். பக்கத்தில் ஒரு முஸ்லிம் பாத்திரம், அதுவும் அவரே. ஹிந்தியில் பிராண் செய்த துணைவேடத்தைத் தமிழிலே கதாநாயகனே எடுத்துக்கொண்டார் என்பதும் கவனத்துக்குரியது.

யானை நடந்த பாதை

மலையகத்தைப் பின்னணியாக மட்டும் கண்டது தமிழ்ப் படம் மாத்திரமன்று. 1953இல் ஹொலிவூட்டின் பரமவுண்ட் நிறுவனம் இலங்கைக்கு வந்து 'எலிபன்ட் வோக்' படத்தின் காட்சிகளை எடுத்தது. படம் 1954இல் வெளியாயிற்று. தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவரை மணந்து வரும் ஆங்கிலப் பெண்ணின் கதை. விவியன் லீ நோயுற்று விலக, எலிசபெத் டெய்லர் அவ்வேடத்தை ஏற்றார். யானைகளின் பாதையை மறித்துக் கட்டிய பங்களாவை இறுதியில் யானைகளே அழிக்கின்றன.

அந்தப் பங்களாவின் தலைமை வேலைக்காரர் அப்புஹாமியாக நடித்தவர் ஆபிரகாம் சோஃபேர் என்ற குணசித்திர நடிகர். இரங்கூனில் 1896இல் பிறந்த யூதர். 'குவோ வாடிஸ்' (1951) படத்தில் பவுலாகவும், 'பவானி ஜங்ஷன்' (1956) படத்தில் இந்தியராகவும் நடித்தவர். டாக்டர் பெரேராவாக நடித்த அப்னர் பிபர்மன் ஓர் அமெரிக்கர். உள்ளூர் மனிதர் என்ற வேடம் இருந்தது. அதை ஏற்க உள்ளூர் மனிதர் தேவைப்படவில்லை.

கௌபோய் படங்களிலும் இதுவே வழக்கம். அமெரிக்கப் பூர்வகுடிகளின் நிலத்திலே படம் எடுப்பார்கள். அவர்களைக் குன்றின் உச்சியில் கூட்டமாக நிறுத்துவார்கள். பேசுகின்ற தலைவனின் வேடமோ வேறொருவருக்கு. அவர்களைக் கௌரவமாகக் காட்டியது என்று பாராட்டப்பட்ட 'புரோக்கன் அரோ' (1950) படத்திலேயே அப்பாச்சித் தலைவன் கோச்சிஸாக நடித்தவர் நியூயோர்க்கைச் சேர்ந்த ஜெஃப் சாண்ட்லர்.

இங்கே ஒரு வேறுபாட்டையும் குறிக்கவேண்டும். தமிழ்ப் படம் அந்நியர் எடுத்த படமன்று. ஒரே மொழி பேசுபவர்கள், உறவினர்களை அக்கரைக்கு அனுப்பிவிட்டு இருந்தவர்கள் எடுத்த படம். ஆகவே அதனிடம் நாம் கேட்கும் கேள்வியும் சற்று உரிமையோடு கேட்பதாகவே இருக்கும்.

1965

1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. அடுத்த ஆண்டு 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் வந்தது. அதன் பெயரே கூறுவது போல, இந்திய வம்சாவளி முஸ்லிம் வர்த்தகர்களும் அதே வரிசையிலே விண்ணப்பப் படிவத்தோடு நிற்கவேண்டியவர்களானார்கள். ஆனால் பெருஞ்சுமை விழுந்தது தோட்டத்து மக்கள் மீதே. வாக்காளர் இடாப்பிலிருந்து அவர்களின் பெயர்கள் நீங்கின.

1964 அக்டோபர் 30ஆம் திகதி ஸ்ரீமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 9 இலட்சத்து 75 ஆயிரம் மனிதர்கள் கணக்கிடப்பட்டனர். 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு. 3 இலட்சம் பேர் இலங்கைக்கு. மிகுதி ஒன்றரை இலட்சம் பேர் பின்னர் தீர்மானிக்கப்படுவர். அந்த மக்களிடம் எவரும் கேட்கவில்லை.

அதற்கு மறு ஆண்டு, 1965இல், எம்.ஜி.ஆர். சரோஜாதேவியோடு இலங்கை வந்தார். அவரைக் காணத் திரண்ட கூட்டத்தைப் பற்றி இன்றும் முதியவர்கள் பேசுவர். அந்தக் கூட்டத்தின் மகிழ்ச்சியை வெறும் சினிமாப் பைத்தியம் என்று ஒதுக்குவது எளிது. ஆனால் அதைச் சற்று அனுதாபத்தோடு பார்க்கவேண்டும். எந்த நாட்டுக்கு உரியவர் என்று எவருக்கும் தெரியாதிருந்த ஒரு மக்கள் கூட்டம், தம் மண்ணிலே பிறந்து அக்கரையிலே அரியணை ஏறிய ஒருவரைப் பார்க்கப் போனது. "இவன் நம்ம ஆள்" என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்கு வேறு யார் இருந்தார்?

அவர் திரையிலே ஏழைகளின் தோழனாக வந்தவர். 'படகோட்டி'யில் (1964) மீனவர். 'தொழிலாளி' (1964) என்றே ஒரு படம். 'விவசாயி' (1967), 'மாட்டுக்கார வேலன்' (1970), 'ரிக்‌ஷாக்காரன்' (1971), 'மீனவ நண்பன்' (1977) என்று தொழிலின் பெயரே படத்தின் பெயராயிற்று. அந்த வரிசையிலே தேயிலைத் தோட்டத் தொழிலாளிக்கு ஒரு படம் இல்லை. மலைநாட்டில் பிறந்த நடிகரின் பெயர்சொல்லும் வேடங்களில் மலைநாட்டு மக்களின் வேடம் வரவில்லை. இதை அவர் மீதான குற்றமாகச் சொல்லவில்லை. படம் எடுக்கும் முதலுக்கும் பார்க்கும் பெருங்கூட்டத்துக்கும் தமிழ்நாடே மையம். கண்டிச் சீமை அங்கே ஒரு பழைய நினைவு. அவ்வளவுதான்.

ஆனால் நினைவாக மட்டும் இருந்த மக்கள் ஒருநாள் கப்பலேறி நேரிலே வந்து இறங்கினர். இராமேஸ்வரத்தில் இறங்கிய அவர்களுள் ஒரு பகுதியினருக்காகவே 1968இல் நீலகிரியிலே அரசாங்கத் தேயிலைத் திட்டம் தொடங்கப்பட்டது. கூடலூரிலும் கோத்தகிரியிலும் அவர்கள் மறுபடியும் கொழுந்து பறித்தனர். நாவலப்பிட்டியை விட்டுப் போன குழந்தை 1977இல் முதலமைச்சரானது. ஹட்டனை விட்டுப் போனவர்கள் நீலகிரியில் 'சிலோன்காரர்' ஆனார்கள்.

தம் கதையைத் தாமே

மலையக மக்கள் தம் கதையைத் தாமே எழுதாமல் இருந்தனர் என்று எவரும் எண்ணிவிடக்கூடாது. சி.வி. வேலுப்பிள்ளை எழுதினார். தெளிவத்தை ஜோசப் எழுதினார். திரைக்கு அக்கதை வரத்தான் காலம் சென்றது. 1975இல் தொழிற்சங்கவாதியான வி.பி. கணேசன் 'புதிய காற்று' படத்தைத் தயாரித்து, தாமே கதாநாயகனாகவும் நடித்தார். எஸ். ராமநாதன் இயக்கினார். எழுத்திலே தெளிவத்தை ஜோசப்பின் பங்கு இருந்தது. 'சதிலீலாவதி'க்குப் பின் முப்பத்தொன்பது ஆண்டுகள் கழிந்து வந்த இப்படத்திலே தோட்டத்து மனிதன் தன் மலையிலே கதாநாயகனாக நின்றான். தென்னிந்தியப் படங்களோடு தொழில்நுட்பத்திலே போட்டியிட முடியாத படம்தான். ஆயினும் அப்படத்தில் தோட்டம் தங்குமடமன்று. ஓடி வந்தவன் ஒளிந்துகொள்ளும் இடமுமன்று. அங்கேயே பிறந்து அங்கேயே வாழ்பவர்களின் ஊர்.

பிரஜாவுரிமைப் பிரச்சினை 1988, 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்களோடுதான் ஒருவாறு தீர்ந்தது. எம்.ஜி.ஆர். 1987 டிசம்பர் 24ஆம் திகதி காலமானார். தெளிவத்தை ஜோசப் 2022இல் மறைந்தார்.

எம்.ஜி.ஆரின் முதல் படத்தைக் குறிப்பிடுகின்றவர்கள் அவர் பொலிஸ் வேடத்தில் நடித்தார் என்பதோடு நிறுத்திவிடுகின்றனர். அந்தப் பொலிஸ்காரர் இடம்பெற்ற கதையின் ஒரு பகுதி, அவர் பிறந்த மலைகளிலேயே நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அந்தப் பகுதியிலே பெயரில்லாமல் நின்ற கூலிகள் எவர் என்பதையும் சொல்லவேண்டும். அவர்களுள் சிலர் நடேசய்யருக்கு வாக்களித்தவர்கள். சிலர் நாவலப்பிட்டிக் கூட்டத்துக்கு நடந்தே வந்தவர்கள். ஒருவர் முல்லோயாவில் விழுந்தவர்.

சலூன் சுவரிலிருந்து அந்தப் படங்கள் இப்போது ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருக்கின்றன. தோட்டத்துக்குத் திரையும் இயந்திரமும் கொண்டுவந்து படம் காட்டியவர்களும், நகரத்துத் தியேட்டருக்கு மைல்கணக்கில் நடந்து போய்ப் படம் பார்த்துத் திரும்பியவர்களும் மறைந்துகொண்டு வருகின்றனர். அவர்களிடம் கேட்டு எழுதவேண்டியவை இன்னும் இருக்கின்றன. எந்தப் படம், எந்தத் தியேட்டர், டிக்கெட் எவ்வளவு, எந்தக் காட்சியில் அழுதார்கள் என்பவையெல்லாம் வரலாறுதான். மலையகத்திலே வாழும் நமது இளம் எழுத்தாளர்கள் இதை ஒரு பணியாக ஏற்பார்களாயின், ஓரத்தில் நின்றவர்களின் பெயர்களும் ஒருநாள் எழுத்திலே வரும்.